கடல் கடந்து வரும் பணமும் நமது சங்கங்களும்

சென்ற மாதம் எங்கள் சங்கத்து நிர்வாகக் குழு கூடியபோது, தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவைக் காரியதரிசி வாசித்தார். வழக்கமாக வாசிக்கப்படும் ஜாபிதாதான். வழக்கமாக எழும் பெருமூச்சுகள்தாம். ஆயினும் அன்று ஒரு விஷயம் என் மனத்தில் தைத்தது. அந்த ஜாபிதாவில் கண்ட பெயர்களில் பல, மகனையோ மருமகனையோ உடன்பிறந்தானையோ அயல்நாட்டு வேலைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களின் பெயர்கள். மாதந்தோறும் கடல் கடந்து பணம் வந்து சேரும் வீடுகள் அவை. அவ்விதப் பணம் எதுவும் வராத அங்கத்தினர், பாவு அறுத்துக் கூலி வாங்கியதும் தவணையைக் கட்டிவிட்டுப் போகிறார். பணம் வருகின்ற வீட்டுக்காரரோ பாக்கிதாரராக நிற்கிறார். இது ஏன்?

"எல்லாம் ஆடம்பரம்" என்று சொல்லிவிடுவது எளிது. குழுவில் ஒருவர் அவ்வாறே சொன்னார். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் காரியதரிசியும் நானும் அவ்வீடுகளுக்கு நேரில் சென்று, திண்ணையில் அமர்ந்து, வரவு செலவைப் பொறுமையாகக் கேட்டறிந்த பின்னர் அந்த எண்ணம் மாறிற்று. ஆடம்பரம் சில வீடுகளில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் செலவழிவதற்கு முன்னரே ஒழுகிப் போகிறது. எங்கெங்கே ஒழுகுகிறது என்பதை எடுத்துக் கூறி, அதில் நமது சங்கங்களின் கடமை யாது என்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பழைய பாடம்

கடல் கடந்து பொருள் ஈட்டுதல் நம் மக்களுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நம்மவர் உழைத்த காலத்தில், மணியார்டர் கொண்டுவரும் தபால்காரரை எதிர்நோக்கி ஊர்கள் காத்திருந்தன. நகரத்தார் பெருமக்களின் உண்டியல் முறை இக்கரையையும் அக்கரையையும் இணைத்தது. 1937-ஆம் ஆண்டில் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. அந்நாளில் பணம் எந்த வழியே நடந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த வழி எத்தனை முறை அடைபட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. 1942-இல் சிங்கப்பூரும் இரங்கூனும் ஜப்பானியர் வசமானபோது, இங்கே வரவேண்டிய மணியார்டர்கள் நின்றன. 1964-இல் பர்மா அரசாங்கம் கடைகளைத் தேசவுடைமையாக்கி, பெரிய நோட்டுகளையும் செல்லாதனவாக்கியபோது, ஒரு தலைமுறையின் சேமிப்பு கரைந்தது. கப்பலேறியவர்கள் வெறுங்கையுடன் வந்து இறங்கினார்கள். 1990 ஆகஸ்டில் குவைத்து படையெடுப்புக்கு உள்ளானபோது, 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். 2020-இல் கொள்ளைநோயால் உலகமே முடங்கியபோது, வேலையிழந்து சம்பள பாக்கியையும் விட்டுவிட்டு வந்தவர்களை நம்மில் பலர் அறிவோம்.

இவற்றால் நாம் அறிவது ஒன்றே. அயல்நாட்டுப் பணம் மழையைப் போன்றது. பெய்கின்ற காலத்தில் ஏரியை நிரப்பிக்கொள்ளாதவன் கோடையில் வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பர்மாவிலிருந்து திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969-இல் அமைக்கப்பட்ட ரெப்கோ பாங்கு ஒரு கூட்டுறவு நிறுவனம் என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். வெறுங்கையுடன் வந்தவர்களைக் கைதூக்கிவிட அன்றே கூட்டுறவு முறை பயன்பட்டது. வெறுங்கையாக ஆவதற்கு முன்னரே அது ஏன் பயன்படலாகாது?

இன்றைய அளவு அன்றையதினும் பன்மடங்கு பெரிது. உலக பாங்கின் மதிப்பீட்டின்படி 2024-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அயல்நாடுகளிலிருந்து உழைப்பாளரும் பிறரும் அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர். உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெறவில்லை. ரிசர்வ் பாங்கு 2023-24-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், இத்தகைய வரவில் சுமார் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. மகாராஷ்டிரமும் கேரளமும் மட்டுமே நமக்கு முன்னே நிற்கின்றன. இப்பெருக்கில் பொறியியல் படித்தவரின் பணமும் உண்டு. சாரத்தின் மேல் நின்று வெயிலில் வேலை செய்பவரின் பணமும் உண்டு. நான் பேசுவது பின்னவரைப் பற்றி. தறிக்குழியிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் எழுந்து போனவர் அவர்தாம்.

முதல் ஒழுக்கு: புறப்படுமுன்

பரமக்குடி, எமனேசுவரம் பக்கத்துத் தறிக்காரர்களாயினும், முதுகுளத்தூர், கமுதி பக்கத்து மிளகாய் விவசாயிகளாயினும், மகனை விமானம் ஏற்றுவதற்குக் கடன் வாங்காதவர் மிகச் சிலர். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்தல் சட்டத்தின் விதிகளின்படி, பதிவு பெற்ற முகவர் ஒருவர் தொழிலாளியிடமிருந்து சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச அளவு 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும் மட்டுமே. ஆனால் எங்கள் அங்கத்தினர்களில் இரண்டு லட்சத்துக்குக் குறைந்து கொடுத்தவரை நான் காணவில்லை. கேட்டால், "அது விசாவுக்கு, இது டிக்கெட்டுக்கு, மற்றது நடுவில் இருந்தவருக்கு" என்று விடை வருகிறது. ரசீது மட்டும் வருவதில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியது. கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டரை லட்சத்துக்கு மாத வட்டி 7,500 ரூபாய். மகன் மாதம் 20,000 ரூபாய் அனுப்பினால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்காரர் வாசலோடு நின்றுவிடுகிறது. இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது, அசலில் ஒரு காசும் குறையாமல், 1,80,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். ஊரார் கண்ணுக்கு இது "வெளிநாட்டுப் பணம் வரும் வீடு". உண்மையில் அது வட்டிக்காரருக்காகப் பாலைவனத்தில் உழைப்பவனின் வீடு.

இதைவிட வேதனையானது ஒன்றுண்டு. அதே வீட்டில் நகை இருந்தது. சங்கத்தில் நகைக்கடன் வாங்கியிருந்தால் வட்டி அந்த மூன்று வட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவது அரிது. ஏன் வாங்கவில்லை என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "மகனை அனுப்புகிற செய்தி சங்கத்துக்குத் தெரிந்தால் பயிர்க்கடனை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன், ஐயா" என்றார். அந்த விடை என்னைத் தலைகுனிய வைத்தது. நம் சங்கத்தையே அஞ்சும்படி நம் அங்கத்தினரை நாம் பழக்கியிருக்கிறோம் என்றால், குறை அவருடையதா, நம்முடையதா?

இரண்டாம் ஒழுக்கு: வருகின்ற வழியில்

நெசவாளர்களுக்கு நூல் எடைக் கணக்கு தெரியும். சங்கம் எடை போட்டு நூல் கொடுக்கிறது. எடை போட்டுத் துணி வாங்குகிறது. இடையில் இவ்வளவுதான் சேதாரம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வரம்புக்கு மேல் குறைந்தால் கேள்வி எழுகிறது. ஆனால் அயல்நாட்டிலிருந்து வருகின்ற பணத்துக்குச் சேதாரம் எவ்வளவு என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

அதில் இரண்டு வகையான பிடித்தம் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் கட்டணம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது; அன்னியச் செலாவணி விலையில் ஒளிந்திருப்பது. துபாயில் இருக்கும் ஒருவர் 1,500 திர்ஹம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய சந்தையில் திர்ஹம் ஒன்றுக்கு 23 ரூபாய் எனில் 34,500 ரூபாய் வரவேண்டும். அனுப்பும் கடைக்காரர் 22 ரூபாய் 60 காசு வீதம் கணக்கிட்டால் வருவது 33,900 ரூபாய். இங்கே 600 ரூபாய் போயிற்று. மேலும் 15 திர்ஹம் கட்டணம் என்றால் அது 345 ரூபாய். ஆக ஒரு முறைக்கு 945 ரூபாய். ஆண்டுக்கு 11,340 ரூபாய். "கட்டணமே இல்லை" என்று பலகை மாட்டியிருக்கும் கடையிலும் இந்த விலை வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்து அனுப்பலாகாது, "நான் இங்கே இவ்வளவு கொடுத்தால் என் வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?" என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில் கேட்டு அனுப்ப வேண்டும். சிறுகச் சிறுகப் பலமுறை அனுப்புவதைவிட, ஒன்றாகச் சேர்த்து ஒருமுறை அனுப்பினால் கட்டணமும் ஒருமுறையே.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. இவ்விதச் செலவை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் குறிக்கோள் வகுத்தது. ஆனால் 2024-இலும் 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு நூற்றுக்கு ஆறுக்கு மேலேயே இருந்தது. எனினும் வழிகள் திறந்துகொண்டுதான் வருகின்றன. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யு.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. இதில் சேர்ந்துள்ள பாங்குகளில் கணக்குள்ளவர்கள் கைபேசி வழியாகவே பணம் அனுப்பலாம். ஐக்கிய அரபு நாட்டில் 2009 முதல் சம்பளத்தைப் பாங்கு முதலிய அங்கீகாரம் பெற்ற வழியிலேயே வழங்கவேண்டும் என்ற முறை நடப்பில் இருக்கிறது. அறிந்தவர் பயன்பெறுகிறார், அறியாதவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

இனி உண்டியலைப் பற்றி ஒளிக்காமல் பேசவேண்டும். அது சட்ட விரோதம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. மக்கள் அதை நாடுவதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே வாரத்தில் ஒருநாள் ஓய்வு. செலாவணிக் கடையோ தொலைவில். உண்டியல்காரர் தங்குமிடத்துக்கே வருகிறார், அன்று மாலையே வீட்டு வாசலில் பணம் கொடுக்கப்படுகிறது, விலையும் கூடுதல். இங்கே பாங்குக்குச் சென்ற ஒரு மூதாட்டி, புரியாத பாஷையில் படிவம் நிரப்பத் தெரியாமல் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதை நான் அறிவேன். அவர் உண்டியலை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் எங்கள் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். தங்கையின் திருமணத்துக்கென்று மகன் ஆறு மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை உண்டியலில் கொடுத்தான். பணம் வரவில்லை. இங்கே கொடுக்க வேண்டியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அங்கே வாங்கியவர் தம் பொறுப்பன்று என்று கைவிரித்தார். ரசீது இல்லை, சாட்சி இல்லை. புகார் கொடுக்கலாம் என்றால், 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெறாதவர் வழியே இவ்வாறு பணம் பெறுவதே குற்றம். அதற்குரிய தண்டத்தொகை சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகலாம். பறிகொடுத்தவரே குற்றவாளியாகவும் நிற்க நேரிடும். எனவே தந்தையார் வாய் திறக்கவில்லை. திருமணம் நடந்தது, கடனில் நடந்தது. அக்கடனும் எங்கள் ஜாபிதாவில் இருக்கிறது. திர்ஹம் ஒன்றுக்கு இருபது காசு கூடக் கிடைத்ததன் விலை அது.

மூன்றாம் ஒழுக்கு: வீட்டுக்குள்

பணம் வந்துவிட்டது. இனி என்ன ஆகிறது? பெரும்பாலான வீடுகளில் அது வந்த வழியே தெரியாமல் போகிறது. கைக்கூலிக்கும் மிளகாய் விற்ற பணத்துக்கும் கணக்குப் பார்க்கும் அதே குடும்பம், மகன் அனுப்பும் பணத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதினால் மகனைச் சந்தேகிப்பதுபோல் ஆகுமென்று பெற்றோர் நினைக்கிறார்கள். கணக்குக் கேட்டால் பெற்றோரைச் சந்தேகிப்பதுபோல் ஆகுமென்று மகன் நினைக்கிறான். இருவர் அன்பும் சேர்ந்து பணத்தை ஆற்றில் போடுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதல்லவா நம் முதுமொழி?

இதற்கு மாறான ஒரு வீட்டையும் கண்டேன். தவணை தவறாத வீடு என்பதனாலேயே அங்கும் சென்றோம். கணவர் தறி நெய்பவர். மகன் மஸ்கத்தில் கட்டட வேலையில் இருக்கிறான். அந்த அம்மையார் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து காட்டினார். தேதி, அங்கே அவன் கொடுத்தது, இங்கே வந்தது, குறைந்தது என்று நான்கு கட்டங்கள். அடுத்த பக்கத்தில் கடன், வீட்டுச் செலவு, சேமிப்பு, அவன் பங்கு என்று மேலும் நான்கு. "அவன் பங்கு என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "அவன் திரும்பி வருகிற அன்றைக்கு அவன் கையில் கொடுப்பதற்கு, ஐயா. ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு எடுத்து அவன் பெயரிலேயே போட்டுவிடுகிறோம்" என்றார். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்றதற்கு அவர் சொன்ன விடையை நான் மறக்கமாட்டேன். "சங்கத்தில் நூல் எடை குறைந்தால் எங்களைக் கேட்கிறீர்கள். பணம் எடை குறைந்தால் யார் கேட்பார்கள்? அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்."

பட்டம் பெற்றவர் எவரும் இதைவிடச் சிறந்த பொருளாதாரத்தைச் சொல்லிவிட முடியாது. முதலில் கடன், அதிலும் வட்டி அதிகமான கடன். அடுத்து வீட்டுச் செலவு. பிறகு சேமிப்பு. நான்காவதாக, உழைத்தவனுக்கு ஒரு பங்கு. இந்த நான்காவது கட்டம் இல்லாத வீடுகளே மிகுதி. பத்தாண்டு உழைத்துத் திரும்புகிறவனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பாஸ் புத்தகம்கூட இல்லாதிருப்பது நியாயமாகுமா?

நான்காம் ஒழுக்கு: யார் பெயரில்?

விவசாயப் பெருமக்கள் இதனைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். அயல்நாட்டில் வேலை செய்து, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுவாசியாகிவிட்ட இந்தியர், இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. போவதற்கு முன்பே தமக்கிருந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதைப் பெறலாம். ஆகவே மகன் பணத்தில் வாங்கும் நஞ்சையும் புஞ்சையும் தந்தை பெயரிலோ அண்ணன் பெயரிலோ பதிவாகின்றன. பெயர் யாருடையதோ, சட்டப்படி நிலமும் அவருடையதாகவே கொள்ளப்படும்.

மலேசியாவில் ஒன்பது ஆண்டு உழைத்த ஒருவர், தந்தை பெயரில் மூன்று ஏக்கர் வாங்கச் செய்தார். தந்தை உயில் எழுதாமல் காலமானார். நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பங்காயிற்று. உடன்பிறந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். சட்டம் தந்ததைக் கேட்டார்கள். ஒன்பது ஆண்டு உழைப்பில் நான்கில் ஒரு பங்கு மட்டும் அவர் கையில் மிஞ்சிற்று. இன்று அவர் கூலித்தறியில் அமர்ந்திருக்கிறார். உடன்பிறந்தார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. பணம் போனதைவிட உறவு போனதுதான் பெரிய நஷ்டம் என்று அவரே என்னிடம் சொன்னார்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. வெளிநாடு சென்றவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் விதிக்குப் பொருந்தாது, அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஈட்டிய பணத்துக்குத் தம் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்கலாம். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வேண்டும்போது பணத்தை மறுபடியும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் தடையில்லை. குடும்பச் செலவுக்கானதைக் குடும்பத்தாருக்கும், சேமிப்புக்கானதைத் தம் சொந்தக் கணக்குக்கும் என்று ஆரம்பத்திலேயே பிரித்து அனுப்பினால், பின்னால் வருகின்ற மனஸ்தாபங்களில் பாதி வாராமலே போகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

"இது பாங்குகளின் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன?" என்று சிலர் வினவக்கூடும். உண்மைதான், வெளிநாட்டுப் பணம் அங்கீகாரம் பெற்ற பாங்குகள் முதலியவற்றின் வழியே வரவேண்டும், நமது சிறு சங்கங்கள் அதை நேரே வாங்க முடியாது. ஆனால் அப்பணம் புறப்படுவதற்கு முன்னும், வந்து சேர்ந்த பின்னும், நமக்குச் செய்ய வேலை உண்டு. 1904-இல் நாட்டின் முதற் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததே விவசாயியை வட்டிக்காரரிடமிருந்து விடுவிப்பதற்காகத்தான். அன்றைய விவசாயியின் பேரன் இன்று அதே வட்டிக்காரரிடம் விமான டிக்கெட்டுக்காக நிற்கிறான். சட்டத்தின் நோக்கம் மாறவில்லை. கடனின் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

ஆகையால் பின்வருவனவற்றை அடுத்த பொதுக்குழுக்களில் ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மகனை அயல்நாடு அனுப்ப விரும்பும் அங்கத்தினர் வட்டிக்காரரிடம் போகுமுன் சங்கத்துக்கு வரட்டும். நகைக்கடன் என்ற வழி இருக்கிறது. அதனால் பயிர்க்கடனுக்கோ தறிக்கடனுக்கோ பங்கம் வராது என்று சங்கம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசாங்கத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துச் சொல்லக் காரியதரிசிக்குக் கால் மணி நேரம் போதும். 1978 முதல் நம் மாநில அரசாங்கமே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருவதையும் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா முதலிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அப்போது பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீட்டிலும் சேரவேண்டும். சில நூறு ரூபாய்ப் பிரீமியத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு அது. சுற்றுலா விசாவில் ஆளை அனுப்பும் முகவர் இந்த இரண்டையும் தட்டிக்கழிக்கவே அவ்வாறு செய்கிறார் என்பதை ஊரறியச் செய்யவேண்டும்.

மூன்றாவது, மாதத்தில் ஒருநாள் மாலை, சங்கக் கட்டடத்தில் படிவம் நிரப்பவும், கணக்குத் தொடங்கவும், அன்றைய செலாவணி விலையைக் கரும்பலகையில் எழுதவும் ஓர் இளைஞரை அமர்த்துவோம். படித்த பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. பாங்கில் திருப்பி அனுப்பப்பட்ட மூதாட்டி உண்டியலுக்குப் போகாமல் சங்கத்துக்கு வருவார்.

நான்காவது, வந்த பணத்தில் ஒரு பங்கைக் குடும்பத்தார் சங்கத்தில் தொடர் வைப்பாக இடுவதற்கு வழி செய்வோம். அண்டை மாநிலமான கேரளத்தில், அரசாங்க நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. அயல்நாட்டில் வாழ்வோருக்கென்றே 2018-இல் சீட்டு ஒன்றைத் தொடங்கிற்று. அவர்கள் செய்ததை அப்படியே செய்ய நமக்கு அதிகாரம் இல்லாதிருக்கலாம். ஆனால் இங்குள்ள தாயும் தந்தையும் மனைவியும் நம் அங்கத்தினர்கள். அவர்கள் சேமிப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அந்த வைப்பு நம் தறிகளுக்கு நூலாகவும் நம் வயல்களுக்கு உரமாகவும் சுழலும். பயிர்க்கடனைக் காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை என்பதையும், ஒரு தவணை தவறினால் அச்சலுகை போய்விடுகிறது என்பதையும், பணம் வரும் வீட்டார் முதலில் உணரவேண்டும்.

ஐந்தாவது, அந்த அம்மையாரின் நோட்டுப் புத்தகத்தைப் போலவே கட்டம் போட்டு அச்சிட்டு, அயல்நாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டுக்கும் ஒன்று கொடுப்போம். செலவு சொற்பம். பயன் பெரிது.

இறுதியாக

கடல் கடந்து இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். இவ்வெளியீட்டை உங்கள் வீட்டார் உங்களுக்கு அனுப்பக்கூடும். நீங்கள் அனுப்புவதெல்லாம் வீட்டுக்கே என்று எண்ணி உங்களுக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது தியாகமாகத் தோன்றலாம். ஆனால் என்றேனும் நீங்கள் திரும்பி வரவேண்டியவர்கள். அன்று உங்கள் வீட்டார்க்கு நீங்கள் பாரமாகாமல் இருப்பதும் நீங்கள் அவர்களுக்குச் செய்யும் உதவியே. கணக்குக் கேளுங்கள், கணக்குக் கொடுங்கள். கணக்கு என்பது சந்தேகத்தின் அடையாளமன்று. கூட்டுறவில் நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்ற பாடம் ஒன்றுண்டு என்றால், ஒருவரையொருவர் நம்புகிறவர்களே ஒருவருக்கொருவர் கணக்குக் காட்டுகிறார்கள் என்பதுதான்.

எங்கள் குழு அந்தத் தவணை தவறியவர்களுக்கு நோட்டீசு அனுப்புவதை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக, அடுத்த அமாவாசையன்று மாலை அவர்கள் அனைவரையும் சங்கத்துக்கு அழைத்திருக்கிறோம். அயல்நாட்டுக் கடிதங்களையும் ரசீதுகளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். அம்மையாரும் தம் நோட்டுப் புத்தகத்துடன் வர இசைந்திருக்கிறார். வட்டி மிகுந்த கடனை எவ்வாறு முதலில் தீர்ப்பது என்று அன்று கூடி யோசிப்போம். இது பலித்தால் பிற சங்கங்களும் செய்யலாம். பலிக்காவிட்டால், எங்கே தவறினோம் என்பதை இவ்விடத்திலேயே மறைக்காமல் எழுதுவேன்.